அளவு ஜாக்கெட்

"அடுத்து தகவல் உரை. தலைப்பு, உடல் எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை. பேச வருபவர் நம்ம கௌசல்யா டீச்சர்" என்று தலைவர் சென்னியப்பன் மைக்கில் சொன்னதும் இருபது சொச்சம் பேரும் கை தட்டினார்கள், என்னோடு பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கும் வளர்மதியும் தட்டினாள், தட்டும்போது அவள் வளையல்கள் முழங்கை வரைக்கும் போய்விட்டு வந்தன, இரண்டு வருஷத்துக்கு முன்னால் அதே வளையல்களைக் கழற்றச் சோப்புப் போட வேண்டியிருந்தது, பள்ளிக்கூடக் குழாயடியில் நான்தான் அவள் கையைப் பிடித்து உருவினேன், "மெல்லடீ, கையே வந்துரப் போகுது" என்று கத்தினாள், நாங்கள் சிரித்த சிரிப்பில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தன. இப்போது வளையல் தானாகப் போய்த் தானாக வருகிறது. நான் எழுந்திருக்க வேண்டும். கை வைத்த பிளாஸ்டிக் நாற்காலி, எழுந்தால் இடுப்போடு கூடவே எழுந்து வரும், அதற்கென்று ஒரு வழி வைத்திருக்கிறேன், இரண்டு கையாலும் கைப்பிடியைக் கீழே அழுத்திக்கொண்டே எழ வேண்டும், பார்க்கிறவர்களுக்கு அவைக்கு மரியாதை செய்வது போல இருக்கும். அந்த வழியை வளர்மதிக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். இன்றைக்கு அவளும் அதே மாதிரி நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறாள், அவளுக்கு இரண்டு பக்கமும் இடம் இருக்கிறது, ஒரு பக்கத்தில் கைப்பையை வைத்திருக்கிறாள், நாற்காலிக்குள்ளேயே, பார்க்கச் சகிக்கவில்லை.

எனக்குப் பொறாமைதான். வேறு கௌரவமான வார்த்தை ஏதாவது கிடைக்குமா என்று தீபாவளியிலிருந்து தேடிப் பார்த்துவிட்டேன், வருத்தம், ஏமாற்றம், ஆதங்கம், எதுவும் பொருந்தவில்லை, வயிற்றெரிச்சல் என்பது கொஞ்சம் கிட்டே வருகிறது. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஈரோட்டில் இந்த மாடி ஹாலில் மேடைப் பேச்சுப் பழகக் கூடுகிற கூட்டம் இது, இன்சூரன்ஸ் ஏஜெண்ட், ஜவுளிக் கடைக்காரர், ரிட்டையரான பேங்க் மேனேஜர், எங்களைப் போல வாத்தியார்கள், ஒருவர் பேச வேண்டியது, இன்னொருவர் எழுந்து அதை மதிப்பீடு செய்ய வேண்டியது, முதலில் ஒரு பாராட்டு, நடுவில் ஒரே ஒரு குறை, கடைசியில் மறுபடியும் பாராட்டு, அதுதான் இங்கே சட்டம். இன்றைக்கு என் பேச்சுக்கு மதிப்பீட்டாளர் வளர்மதி. நானே கேட்டு வாங்கினேன். "சிநேகிதிக்குச் சிநேகிதியே மதிப்பீடா, குறை சொல்ற எடத்துலயும் பாராட்டிப் போடுவாங்க" என்று சென்னியப்பன் சிரித்தார், அவருக்கு என்ன தெரியும். வளர்மதி ஆபரேஷன் செய்துகொண்டுதான் இளைத்தாள் என்பது இந்த ஹாலில் எனக்கு மட்டும்தான் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது. அவள் பெயரை நான் சொல்லப் போவதில்லை. ஆபரேஷன் செய்தவர்கள் எப்படிச் சாப்பிடுவார்கள், எப்போது தண்ணீர் குடிப்பார்கள், தலைமுடி எப்படிக் கொட்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போவேன், தலைகள் தாமாகவே அவள் பக்கம் திரும்பும், அதற்குப் பிறகு அவள் எழுந்து வந்து என்னைப் பாராட்டட்டும்.

"அவையோர் அனைவருக்கும் வணக்கம்." குரல் நன்றாகவே வந்தது. இருபது வருஷம் விலங்கியல் நடத்திய குரல். பலகையில் இரைப்பையை வரைந்தேன், பெரிய அவரை விதை மாதிரி, கை தானாக வரைந்துவிடும், நடுவில் மேலிருந்து கீழே ஒரு கோடு. "இந்தக் கோட்டுக்கு வெளியே இருக்கும் பெரிய பகுதியை வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது ஒரு வாழைப்பழ அளவுக் குழாய்தான்." "பூவனுங்களா, மொந்தனுங்களா?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்க எல்லோரும் சிரித்தார்கள், வளர்மதி கொஞ்சம் பிந்திச் சிரித்தாள், நான் பார்த்தேன், பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன். வெட்டி எடுத்ததைத் துணியால் அழித்துக் காட்டினேன். "பசியைக் கிளப்புகிற சுரப்பு அதிகமாக உண்டாவது இந்த அழித்த பகுதியில்தான். ஆகவே பசியும் குறைந்துவிடுகிறது." பசியும் குறைந்துவிடுகிறது, என்ன சுலபமாகச் சொல்லிவிட்டேன், எனக்கு முதல் பீரியட் முடியும்போதே பசிக்கும், வளர்மதிக்கும் பசிக்கும், அவள் டப்பாவில் முறுக்கு, என் டப்பாவில் கடலை மிட்டாய், ஸ்டாஃப் ரூம் பீரோவுக்குப் பின்னால் நின்று மாற்றிக்கொள்வோம், பசி என்பது எனக்குத் தெரிந்தவரைக்கும் இரண்டு பேராகச் செய்கிற காரியம். அதையும் சேர்த்து வெட்டிப் போட்டுவிட்டு வந்திருக்கிறாள், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல்.

எங்கள் இரண்டு பேருக்கும் பதினைந்து வருஷமாக ஒரே அளவு ஜாக்கெட். டெய்லர் சரோஜா கடையில் ஆணியில் தொங்கும், அரக்குக் கலர், வளர்மதியுடையது, அவள் துணி கொடுத்தாலும் நான் துணி கொடுத்தாலும் சரோஜா அதைத்தான் எடுத்து விரித்து அளவு வைப்பாள், "ரெண்டு டீச்சருக்கும் ஒரே அளவுங்க, எனக்குப் பாதி வேலை மிச்சம்" என்பாள். பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் இரண்டு பேராக உட்கார்ந்துகொண்டு "மூணு டிக்கெட் குடுத்துருங்க" என்று கண்டக்டரிடம் வளர்மதியே முந்திக்கொண்டு சொல்வாள், அவன் சிரிப்பதற்கு முன்னால் நாம் சிரித்துவிட வேண்டும் என்பது அவள் கொள்கை. யாராவது எங்களைப் பார்த்து வாய்க்குள் சிரித்தாலும் அது இரண்டாகப் பங்கு பிரிந்துவிடும், அவ்வளவாக வலிக்காது. அதிலும் எனக்குக் கொஞ்சம் சலுகை இருந்தது, "கௌசல்யா டீச்சர் உடம்பா இருந்தாலும் முகம் லட்சணம்" என்று ஒவ்வொரு ஆண்டு விழாவிலும் யாராவது சொல்லிவிடுவார்கள், குத்துவிளக்கு ஏற்ற என்னைத்தான் கூப்பிடுவார்கள், போட்டோக்காரர் "இந்த டீச்சர் முன்னால வாங்க, அந்த டீச்சர் கொஞ்சம் பின்னால" என்பார், வளர்மதி பின்னால் போவாள். அதையெல்லாம் நான் பெரிதாக நினைத்ததில்லை. போன ஐப்பசியில் சரோஜா அந்த அரக்கு ஜாக்கெட்டை மடித்து என் கையில் கொடுத்தாள். "வளர்மதி டீச்சர் புது அளவு குடுத்துட்டாங்க. இது இனி உங்களுதுங்க." தெருவில் நின்றுகொண்டு அதைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கு அதைத்தான் போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன், வேண்டுமென்றே, அவள் பார்க்கட்டும் என்று. அக்குளில் இறுக்குகிறது. உள்ளே விட்டிருந்த தையலை நேற்றே பிரித்துவிட்டேன், அப்படியும் இறுக்குகிறது, அதாவது அவள் குண்டாக இருந்த காலத்தில் இருந்ததைவிட இப்போது நான் குண்டு.

"இது அழகுக்காகச் செய்துகொள்ளும் சிகிச்சை அல்ல என்பதை நினைவில் வைக்க வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்தம், மூட்டுத் தேய்மானம், தூக்கத்தில் மூச்சுத் திணறல், இவை உள்ளவர்களுக்கு மருத்துவர் பார்த்துப் பரிந்துரைப்பது." சர்க்கரைக்கு எனக்குக் காலையில் ஒரு மாத்திரை, ராத்திரி ஒன்று. இந்த மாடிக்கு ஏறி வரும்போது பாதிப் படியில் நின்று போன் பார்ப்பது போல மூச்சு வாங்கிக்கொண்டேன், என்னைத் தாண்டி வளர்மதி ஏறிப் போனாள், "வா கௌசி" என்று சொல்லிவிட்டு, புடவையைக்கூடத் தூக்கிப் பிடிக்காமல். போன மே மாத லீவில் பெங்களூரில் மகள் வீட்டுக்குப் போகிறேன் என்றுதான் போனாள். ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தபோது கன்னம் உள்ளே போயிருந்தது, ஆகஸ்டில் கழுத்து தெரிந்தது, தீபாவளிக்குள் ஆளே வேறு, வளர்மதி தேய்மதி ஆகிவிட்டாள் என்று தமிழ் ஐயா ஜோக் அடித்தார், அது கேலி இல்லை, பாராட்டு, அப்படி ஒரு கேலி எனக்கு யார் சொல்வார்கள். என் வீட்டுக்காரர் தோசையைப் பிய்த்துக்கொண்டே "அந்த டீச்சர் ஆளே மாறிட்டாங்களே" என்றார், ஒரு தடவை சொன்னதோடு விட்டிருக்கலாம், இரண்டாவது தோசைக்கும் சொன்னார். என்னடீ பண்ணுன என்று நானும்தான் கேட்டேன். "கொள்ளுத் தண்ணி கௌசி. வெறும் வயித்துல ஒரு சொம்பு. அப்பறம் நட." அவ்வளவுதான் சொன்னாள். நான் நம்பினேன். காலையில் கொள்ளை வேகவைத்து அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டுப் பூங்காவை நாலு சுற்று, வீடு முழுக்கக் கொள்ளு வாடை, மாடு கட்டின வீடு மாதிரி இருக்குது என்று என் மகன் மூக்கைப் பொத்தினான், இரண்டு கிலோ குறைந்து மூன்று கிலோ ஏறியது. என் மேல்தான் தப்பு என்று நினைத்தேன். அவளால் முடிகிறது, எனக்கு வைராக்கியம் போதவில்லை என்று சாமி படத்துக்கு முன்னால் அழுதிருக்கிறேன், கொள்ளுத் தண்ணிக்காக அழுதேன், சொன்னால் சிரிப்பார்கள்.

பேங்க் மேனேஜர் ஜகந்நாதன் பச்சை அட்டையைத் தூக்கிக் காட்டினார், பாதி நேரம் ஆகிவிட்டது என்று அர்த்தம். "வயிற்றைப் பெரிதாகக் கிழிப்பதில்லை. நாலைந்து சிறு துளைகள்தான்." அந்தத் துளைகளை நான் பார்த்திருக்கிறேன். தீபாவளிக்கு இரண்டு பேரும் துணி எடுக்கப் போனோம், அவள் முதல் தடவையாக ரெடிமேடு சுடிதார் எடுத்தாள், போட்டுப் பார்க்கிற அறைக்குள்ளிருந்து "கௌசி, முதுகு ஜிப்பு ஏற மாட்டேங்குது, வா" என்று கூப்பிட்டாள், கதவைத் திறந்தால் கண்ணாடியில் அவள் வயிறு, தொளதொளவென்று தொங்கிய தோலில் கொசுக்கடி ஆறினது போல அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தழும்புகள், சட்டென்று துணியை இறக்கிவிட்டாள். நான் ஜிப்பை ஏற்றினேன். ஒன்றும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்துதான் எல்லாம் ஒன்றோடொன்று கூடி வந்தது, மத்தியானம் அவள் தொடாத தண்ணீர் டம்ளர், ஸ்பூனில் சாப்பிடுவது, கைப்பையில் மாத்திரை டப்பா, விலங்கியல் டீச்சருக்கு இதற்கு மேல் என்ன வேண்டும். அன்றைக்கு ராத்திரி பட்சணம் சுட உட்கார்ந்து, சுட்டதில் பாதியை நானே தின்றேன், கோபத்தில்.

இதோ அந்த இடம் வந்துவிட்டது. நான் மைக்கை விட்டுக் கொஞ்சம் முன்னால் வந்தேன், அவளைப் பார்த்து நின்றுகொண்டேன். "இந்தச் சிகிச்சை செய்துகொண்டவர்களை எப்படி அடையாளம் காண்பது? சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்க மாட்டார்கள். ஒரு இட்லியை அரை மணி நேரம் மெல்லுவார்கள். கல்யாண வீட்டில் இலையில் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டு விரலால் கிளறிக்கொண்டே இருப்பார்கள், யாரும் பார்க்காதபோது இலையை மூடிவிடுவார்கள்." வளர்மதி என்னைப் பார்த்தாள். "சில மாதங்களில் முடி கொத்துக் கொத்தாக உதிரும். ஒரு வாய் இனிப்பு கூடுதலாகப் போனால் சிலருக்கு வியர்த்து, படபடவென்று வரும்." அவள் கையிலிருந்த பேனா நின்றுவிட்டது. எனக்கு நிறுத்த முடியவில்லை, இறக்கத்தில் விட்ட சைக்கிள் மாதிரி போகிறது. "சத்து மாத்திரைகளை ஆயுள் முழுக்க விழுங்க வேண்டும். இதையெல்லாம் அனுபவித்துக்கொண்டே, கூட இருப்பவர்களிடம் கொள்ளுத் தண்ணி குடித்தேன், நடந்தேன் என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். ஏன் மறைக்க வேண்டும்? கூடவே இருந்தவளிடம் சொல்வதற்கு என்ன?" கூடவே இருந்தவளிடம். இருந்தவரிடம் என்றுதான் வீட்டில் சொல்லிப் பழகியிருந்தேன், வாய் மாற்றிவிட்டது, கண்ணில் தண்ணீர் வேறு. இப்போது திரும்புவார்கள். திரும்பட்டும். யாரும் திரும்பவில்லை. ஒருவர்கூடத் திரும்பவில்லை, எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், என் முகத்தை, பிறகு மெல்ல என் வயிற்றை, ஜகந்நாதன் சிவப்பு அட்டையைத் தூக்க மறந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், முன் வரிசை அம்மா ஒருத்தர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், பாவம் என்பது போல. எனக்குப் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. குண்டான ஒருத்தி மேடையேறிக் குண்டு குறைக்கிற ஆபரேஷனைப் பற்றிக் கண்ணீரோடு பேசினால் வேறு யாரைப் பற்றி என்று நினைப்பார்கள்.

"நன்றி" என்றேன். கைதட்டல் என்றால் அப்படி ஒரு கைதட்டல், நான் இந்த ஹாலில் வாங்கியதே இல்லை. சென்னியப்பன் என் கையைப் பிடித்துக் குலுக்கினார், மைக் ஆனாகவே இருந்தது. "எத்தன பேருக்கு இந்தத் தைரியம் வருமுங்க? தனக்குச் செஞ்சுக்கப் போறத நாலு பேருக்கு முன்னால ஒடச்சுச் சொல்லீட்டீங்க. பயப்படாதீங்க டீச்சர். ரத்தம் வேணும்னாலும் சொல்லுங்க, எனக்கு பி பாசிட்டிவ்." எனக்கு இல்லீங்க, அவளுக்கு. அவ்வளவுதான் சொல்ல வேண்டும். அவள் ஏற்கெனவே செய்துகொண்டுவிட்டாள். விரலைக்கூட நீட்ட வேண்டாம், கண்ணைக் காட்டினால் போதும், எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், வளர்மதியும் பார்த்துக்கொண்டிருக்கிறாள், அவள் முகத்தில் ரத்தமே இல்லை, இளைத்த பிறகு அவள் கண்கள் பெரிதாகிவிட்டன, பயந்தால் இன்னும் பெரிதாகின்றன. நான் வாயைத் திறந்தேன். "பாசிட்டிவுங்களா, சரிங்க" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. போய் உட்கார்ந்தேன், நாற்காலி இரண்டு பக்கமும் கவ்விக்கொண்டது.

மதிப்பீட்டாளரைக் கூப்பிட்டார்கள். வளர்மதி எழுந்தாள், நாற்காலி இருந்த இடத்திலேயே இருந்தது. மேடையில் ஏறி மைக்கைச் சரிசெய்தாள். பிறகு, "கௌசல்யா டீச்சரின் குரல் நல்ல கம்பீரமான குரல். பலகையில் வரைந்த படம் தெளிவாக இருந்தது" என்றாள். அது பாராட்டு. அடுத்து குறை. "ஒரே ஒரு குறை. பேச்சாளர் அவை முழுவதையும் பார்த்துப் பேச வேண்டும் என்பது நம் விதி. இவர் ஆரம்பத்திலிருந்து கடைசி வரைக்கும் ஒருத்தரைப் பார்த்து மட்டும்தான் பேசினார்." ஹாலில் யாரோ சிரித்தார்கள். சொன்ன முகத்தில் சிரிப்பு இல்லை. "கடைசியாக, இவர் சொன்ன தகவல்கள் எல்லாமே சரி. ஒன்றுகூடத் தப்பு இல்லை." அவ்வளவுதான், இறங்கி வந்துவிட்டாள். எல்லோரும் தட்டினார்கள், நானும் தட்டினேன், தட்டும்போது அக்குளில் தையல் பட்டென்று விட்டது.

கூட்டம் முடிந்து படிக்கட்டு ஓரத்தில் டீயும் போண்டாவும் கொடுத்தார்கள். ஆளாளுக்கு வந்து தைரியம் சொல்லிவிட்டுப் போனார்கள். எல்லோரும் விலகிய பிறகு வளர்மதி ஒரு காகிதத் தட்டோடு வந்து பக்கத்தில் நின்றாள், ஒரே ஒரு போண்டா, அதைப் பிட்டுப் பாதியை என் தட்டில் போட்டாள்.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"துணிக்கடையில."

"அப்பவே கேட்டிருக்கலாமில்ல."

"நீ அதுக்கு முன்னாலயே சொல்லியிருக்கலாமில்ல. ஊருக்குச் சொல்ல வேண்டாம் வளரு. எனக்குச் சொல்றதுக்கு என்ன? நான் வெளிய சொல்லிருவேன்னா?"

"அதில்ல." போண்டாவின் ஓரத்தை நகத்தால் கிள்ளி வாயில் போட்டு, மென்று, மென்று, விழுங்கினாள். நான் காத்திருந்தேன். "சொன்னா நீயும் போய்ப் பண்ணீட்டு வந்துருவ."

"வந்தா என்ன?"

"வந்தா மறுபடியும் நீதான் முன்னால நிப்ப." அவள் என்னைப் பார்க்கவில்லை, கீழே தெருவில் நிற்கும் ஸ்கூட்டர்களைப் பார்த்தாள். "ரெண்டு குண்டுல நீ அழகான குண்டு, நான் வெறும் குண்டு. பதினஞ்சு வருசம் போட்டோல பின்னால நின்னவளுக்குத்தான் தெரியும். ஒரு வருசமாச்சும் உன்னையப் பின்னால நிக்க வெச்சுப் பாக்கோணும்னு இருந்துச்சு."

"அதுக்குக் கொள்ளுத் தண்ணியாடீ?"

"அது வாய்க்கு வந்ததச் சொன்னேன். நீ நெசமாலுமே குடிப்பேன்னு நான் கண்டனா?"

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அடிவயிற்றிலிருந்து ஜிலுஜிலுவென்று ஒரு சந்தோஷம் ஏறியது, வெட்கம் கெட்ட சந்தோஷம், இவள் என்னைப் பார்த்து வயிறெரிந்திருக்கிறாள், ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஒவ்வொரு ஆண்டு விழாவிலும், ஒவ்வொரு குத்துவிளக்குக்கும், பக்கத்திலேயே முறுக்கு தின்றுகொண்டு. இது தெரியாமல் நான் மட்டும் பொறாமைக்காரி என்று என்னையே திட்டிக்கொண்டிருந்தேனே. இவள் உடம்பில் எதை வெட்டியிருந்தாலும் அதை மட்டும் வெட்டவில்லை, பத்திரமாக இருக்கிறது. இவள் தொங்குகிற தோலும், உதிர்ந்த முடியும், அந்த ஒரு துண்டுப் போண்டாவும் அந்த நிமிஷம் எனக்கு ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. பாதிப் போண்டாவை முழுசாக வாயில் போட்டுக்கொண்டேன்.

"அந்த டாக்டர் நம்பரக் குடு" என்றேன்.

வளர்மதி கைப்பைக்குள் கையை விட்டாள். போனை எடுத்தாள். எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, திரையைத் தேய்க்காமல், என் முகத்தை ஒரு தடவை பார்த்தாள், நெற்றி, மூக்கு, கன்னம் என்று ஒவ்வொன்றாக, கன்னம் இல்லாவிட்டால் இது எப்படி இருக்கும் என்று பார்க்கிற மாதிரி.

"அவரு இப்ப லீவுல இருக்கறாருன்னு நெனைக்கறேன்" என்றாள்.

"பரவால்ல. குடு."

கையை நீட்டினேன். தையல் விட்ட அக்குளில் காற்று பட்டது. அவள் இன்னும் போனைத் திறக்கவில்லை. நானும் கையை இறக்கவில்லை.